அப்பாவின் கோரைமுடி

வடலூரில் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போன சவரிராஜ், சுருட்டை முடியை நேராக்கிக்கொண்டு வந்து நின்றார்.

கதவைத் திறந்த மகள் ஏஞ்சலினுக்கு ஒரு கணம் யாரோ என்றிருந்தது. ஐம்பத்தெட்டு வருடமாகச் சுருண்டே கிடந்த முடி, மழையில் சாய்ந்த கோரைப்புல் மாதிரி நெற்றியிலும் காதிலும் படிந்து கிடந்தது.

"என்னாங்க இது கோலம்?" என்றாள் மனைவி செசிலியா, கையில் கரண்டியோடு.

"சும்மாதான். ஒரு ஆசை."

"ஆசைப்படற வயசா இது? ரெண்டு வருஷத்துல ரிடையர்டு. பொண்ணுக்குக் கல்யாணத்த வச்சிகினு ஆசையாம்."

ஏஞ்சலின் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அவளுடைய கோபம் வேறு.

நாலு நாள் முன்னால்தான் அவள் இதே மனிதரிடம் கேட்டிருந்தாள்.

"முடிய ஸ்ட்ரெயிட் பண்ணிக்கவாப்பா? நிச்சயதார்த்த ஃபோட்டோவப் பாத்துட்டு அவரோட அக்கா, மூஞ்சியவிட முடிதான் பெருசாத் தெரியுதுன்னு சிரிச்சாங்க. கல்யாண ஃபோட்டோவுலயும் அப்படி இருக்க வேணாம்னு பாக்கறேன்."

செசிலியா குறுக்கே வந்தாள். "குறிஞ்சிப்பாடி எவாஞ்சலின் இதப் பண்ணிட்டுத்தான் பாதி முடி கொட்டி நிக்கிறா. உனக்கும் அது வேணுமா?"

"அது ஏதோ கண்ட க்ரீம்மா. பார்லர்ல இதச் சொன்னாங்க. பேரு எழுதிகினு வந்திருக்கேன். யார்கிட்ட வேணா விசாரிச்சுக்கோங்கப்பா."

சவரிராஜ் அந்தத் துண்டுச் சீட்டை வாங்கி, படித்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப வேணாம். பொறு."

"எவ்வளவு நாள்?"

"பொறுன்னா பொறு."

அப்படிச் சொன்னவர்தான் இப்போது இப்படி வந்து நிற்கிறார்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறியதும் சண்முகசுந்தரம் ஆரம்பித்து வைத்தார்.

"என்னா சவரி, கல்யாணம் பொண்ணுக்கா, உனக்கா?"

"ஹெல்மெட்ட மெதுவா போடுங்கண்ணே, கலைஞ்சிடப் போவுது" என்றது பின்சீட்டு.

மைன்ஸ் கேட் வரும்வரை பஸ் சிரித்தது. சவரிராஜும் கூடவே சிரித்தார்.

சீப்பையே தொடாத மனிதர், காலையும் மாலையும் தலை வார ஆரம்பித்தார். வாரி முடித்ததும் சீப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். விடிந்ததும் தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"கண்ணாடி பத்தாம தலகாணியிலயும் அழகு பாக்கறீங்களா?" என்றாள் செசிலியா.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாதா கோயிலில் ஏஞ்சலினுடைய முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் கல்யாணம். சாமியார், "சவரிராஜ் மகள் ஏஞ்சலின்" என்று வாசித்ததும் பாடகர் குழுப் பெண்கள் எல்லாரும் சவரிராஜின் தலையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாம் ஓலைக்கு ஏஞ்சலின் அப்பாவுக்குப் பத்தடி பின்னால் நடந்தாள்.

மூன்றாம் ஓலைக்கு அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நிற்க, அவள் மே மாத வெயிலில் தனியாக நடந்தே போனாள்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"மூணு வாரமா கோயில்ல தலை நிமிர முடியலப்பா. எனக்குன்னா பொறு. உங்களுக்குன்னா ஆசை. அப்படித்தான?"

சவரிராஜ் பீரோவைத் திறந்து, தன் தலைக்குப் பூசிய க்ரீமின் காலி அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். சட்டைப் பையிலிருந்து அவள் எழுதிக் கொடுத்த சீட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே பேருதான? நல்லாப் பாத்துச் சொல்லு."

"ஒரே பேருதான். அதுக்கென்ன?"

"கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கு. நாளைக்கே போயி பண்ணிக்கோ. வேர்ல படாம அரை விரல் தள்ளிப் பூசச் சொல்லு. பெட்டியில போட்டிருக்கற நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் வைக்க வேணாம். மூணு நாளைக்குத் தண்ணி படக்கூடாது, முடிய இறுக்கிக் கட்டக்கூடாது. அப்புறம் எண்ணெய் தடவிகினே இரு, நுனி வறண்டு போவுது."

"அன்னிக்கு வேணாம்னீங்க. இன்னிக்கு மட்டும் எப்படி?"

அவர் காதின் பின்னால் படிந்திருந்த முடியை ஒதுக்கிக் காட்டினார். புளியங்கொட்டை அளவுக்குத் தோல் வெந்து, கருத்து, பொருக்குத் தட்டியிருந்தது.

"சலூன்ல கொளஞ்சிநாதன் தெரியாம வேரோட பூசிட்டான். அது ஒண்ணுதான் தப்பு. மத்தபடி பதினஞ்சு நாளா ஹெல்மெட்டு, வேர்வை, கரித்தூசி எல்லாம் பாத்தாச்சு. சீப்புல எப்பவும் வர்ற அளவுதான் வருது."

அடுப்படியில் செசிலியாவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்பா..."

"எங்க செக்‌ஷன்ல கரி ஏத்திப் போற புது பெல்ட் வந்தா ட்ரையல் பாக்காம ஓட்ட மாட்டோம்மா" என்றார் சவரிராஜ். "இந்தச் சுருட்ட முடி இந்த வூட்டுல ரெண்டே தலையிலதான் இருக்குது. ட்ரையலுக்கு உன் தலையவா குடுக்க முடியும்?"