ஜப்பான் பாஷை

"எருமை மாடே! அது இன்னா உதையா, இல்ல கொசு தொரத்துறியா?"

ஆரோக்கியசாமி மாஸ்டர் போட்ட சத்தத்தில் புனேயின் அந்தக் குடியிருப்புச் சமூகக் கூடத்தின் தகரக் கூரையே அதிர்ந்தது. கடைசி வரிசையில் நின்ற ஹர்ஷா சட்டென்று இரண்டு முட்டியையும் மடக்கி விறைப்பாக நின்றான். மராத்திப் பையன், 'எருமை மாடே' என்பதும் ஜப்பானியக் கராத்தேக் கட்டளைதான் என்று நம்பிக்கொண்டிருப்பவன்.

அது என்ன பாஷை என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற கிரிஜாவுக்கும் உள்ளே உதைத்துக்கொண்டிருந்த அவள் மகள் சுப்ரஜாவுக்கும் மட்டும்தான் தெரியும். திட்டு வாங்கியதும் அந்த மகள்தான்.

"சோறு துன்னுட்டு வந்தியா, இல்ல பாத்துட்டு வந்தியா? உங்கம்மா ஒழுங்கா போடுறதில்லயா?"

மற்ற பிள்ளைகள் வழுக்கி விழுந்தால்கூட "சலேகா பேட்டா" என்று இந்தியில் பரவாயில்லை சொல்லித் தட்டிக்கொடுக்கிற மனிதர், சுப்ரஜாவை மட்டும் தேடிப் பிடித்துத் தமிழில் வறுத்தெடுத்தார்.

அன்று மஞ்சள் பெல்ட் தேர்வு. அதை வாங்கிவிட்டால் ஆரம்ப வகுப்பு முடிந்தது; சிஞ்ச்வடில் இருக்கிற பெரிய மாஸ்டரிடம் போய்விடலாம். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். சுப்ரஜா மட்டும் பொடிசுகளுக்கு நடுவே பனைமரம் மாதிரி நின்றாள்.

மாஸ்டர் முடிவு சொன்னார். ஹர்ஷா பாஸ். பெல்ட்டைக் கட்டத் தெரியாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவனும் பாஸ். "சுப்ரஜா, உனக்கு அடுத்த தபா பாக்கலாம்."

"மம்மி, நான் அவ்ளோ மோசமா பண்றேனா?" என்று வந்து நின்ற மகளின் கண்ணைப் பார்த்ததும், கிரிஜா செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

விருதுநகர்ப் பாத்திரக் கடைக்காரர் மகள் அவள். நல்ல சரக்குக்கு ஒருவர் நொட்டை சொன்னால் அவர் மனசில் வேறு ஏதோ கணக்கு ஓடுகிறது என்று, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டவள். கம்ப்யூட்டர் வேலைக்குப் புனே வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

"எம்பிள்ளைகிட்ட என்ன சார் குறை?"

"இடுப்பு திரும்பலம்மா."

"அந்தப் பயலுக்கு இடுப்பே இல்ல. அவன் பாஸு!"

"சின்னப் புள்ள, பாவம்." அவர் தரைவிரிப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சரி, நேரடியாகவே கேட்டுவிடுவோம். "தனி கிளாஸ் வைக்கணும், அதானே? வாயைத் திறந்து சொல்லுங்க."

மாஸ்டரின் முகத்தில் விளக்கு எரிந்தது. "வெக்கலாமே! டெய்லி கூட வரட்டும்."

மாட்டினார் என்று நினைத்தாள் கிரிஜா. "ஃபீஸ் எவ்வளவு?"

"ஃபீஸா? அதெல்லாம் இன்னாத்துக்கும்மா?"

"நானும் கூடவே உக்காந்திருப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

"உக்காருங்க, உக்காருங்க. ரொம்ப நல்லதாப் போச்சு!"

யாராவது சும்மா கொடுத்தால் அவளுடைய அப்பா முதலில் தராசைத்தான் தூக்கிப் பார்ப்பார். கிரிஜாவின் சந்தேகம் ஒரு சுற்றுப் பெருத்தது.

அதற்குள் மாஸ்டரின் போன் அடித்தது. "ஹோ, ஹோ. ஜேவலோ" என்றார் மராத்தியில். சாப்பிட்டாகிவிட்டது என்று அர்த்தம். மெஸ்ஸிலிருந்து வந்த டப்பா அவர் பக்கத்தில் திறக்காமலே இருந்தது.

"மருமவ. மவனும் அவளும் ரஞ்சன்காவுல இருக்காங்க. மராத்திப் பொண்ணு, தங்கமான பொண்ணு" என்றவர், அணைந்துபோன போனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையில் போட்டார்.

அவர் மனைவி எஸ்தர் போன வருஷம் தவறிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னது கிரிஜாவுக்கு நினைவு வந்தது. பாவம்தான். அதற்காக, அந்தத் துக்கத்தை இறக்கிவைக்க என் பிள்ளை தலைதானா கிடைத்தது?

இனி இருப்பது ஒரே வழி. பேரம் படியாதபோது செய்கிற மாதிரி, கடையை விட்டு இறங்குவது.

"வேணாம் சார். இனிமே இவ இங்க வர மாட்டா. ஔந்துல வேற கிளாஸ் பாத்தாச்சு. வாடி."

பார்க்கவெல்லாம் இல்லை. கடையை விட்டு இறங்குகிறபோது யார் உண்மை பேசுகிறார்கள்?

வாசலில் நின்று செருப்பைத் தேவைக்கு மேல் மெதுவாக மாட்டினாள். உள்ளே விரிப்பு சுருளுகிற சத்தம் நின்றிருந்தது.

"யம்மா... கொஞ்சம் இருங்க."

கூப்பிட்டுவிட்டார்! கிரிஜா சிரிப்பை அடக்கி, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு திரும்பினாள்.

மாஸ்டர் மஞ்சள் பெல்ட்டோடு வந்து சுப்ரஜாவின் முன்னால் முட்டி போட்டார். வெள்ளையை அவிழ்த்து மஞ்சளைக் கட்டினார். பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெல்ட் கட்டிவிடுகிறவருக்கு முடிச்சு சட்டென்று விழவில்லை.

"இவ போன தபாவே பாஸும்மா. அதுக்கு மின்னாடியும் பாஸுதான். இவ மாதிரி உதைக்கிற புள்ள இந்த கிளாஸ்லயே கெடையாது."

ஜெயித்த சந்தோஷத்தையும் மீறிக்கொண்டு கிரிஜாவுக்குக் கோபம் வந்தது. "அப்புறம் எதுக்கு சார் பச்சப்பிள்ளையை இந்தப் பாடு படுத்துனீங்க? உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவர் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இவளும் போயிட்டா, நான் யாரைம்மா தமிழ்ல திட்டுறது?"