ஈர வலை

மீன்கள் மேலே வந்துகொண்டிருந்தன.

அவள் கரையில் நின்று பார்த்தாள். மார்கழிப் பனி இன்னும் தண்ணீரை விட்டு எழவில்லை. அதற்குள் ஒவ்வொரு வாயாகத் திறந்து மூடியது. குளமே தூக்கத்தில் ஏதோ முனகுவதுபோல் இருந்தது.

பந்தலில், விருது கொடுக்க வந்த தலைவரின் வாயும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மைக் செத்து வெகுநேரமாகிறது. அதை அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவள் தோளில் பொன்னாடை. கையில் கேடயம். 'நோயில்லாக் குளம்' என்று பொன்னெழுத்து.

விடியலில் ஒத்திகை நடந்தது. மீன் பிடிப்பதற்கும் ஒத்திகை வேண்டுமென்று தலைவரின் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அவள் குளத்தில் வலை இழுத்தார்கள். வந்த கெண்டையின் வயிற்றில் சிவப்புப் புண், வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி. இன்னொன்றிலும்.

அவள் மட்டும் பார்த்தாள். சத்தமில்லாமல் தண்ணீரில் விட்டாள்.

போன வருஷம் கீழத்தெருவுக்கு வந்த அதே கிருமி. அழைப்பிதழில் பெயர் கிடையாது. மாலை கேட்காது. இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று மைக்கைப் பிடிக்காது. காயாத வலையில் ஒட்டிக்கொண்டு குளம் குளமாகப் போய், எல்லாவற்றையும் வெள்ளையாக மிதக்கவிட்டுவிட்டுத்தான் கிளம்பியது.

தலைவர் ஒருவழியாகக் கரைக்கு வந்தார். பொரியை வாரி வீசினார்.

"பாத்தீங்களா, நம்ம பேச்சக் கேக்கத்தான் மேல வந்திருக்குதுங்க."

கைதட்டினார்கள்.

பொரி மிதந்தது. வழிதவறிப் பகலில் இறங்கிவிட்ட விண்மீன்கள்போல.

ஒரு மீனும் தொடவில்லை.

"வலைய எடுங்கப்பா."

அடுத்தது பக்கத்துக் குளம். போட்டோவுக்கு வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுமாம். அவளுடைய ஓரகத்தி தையல்நாயகியின் குளம். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோனவள். அங்கே மீன்கள் தலைவரை எட்டிக்கூடப் பார்க்காமல் அடியில் திரிந்தன, ஆரோக்கியமாக, மரியாதை தெரியாமல்.

ஊருக்கே ஒரே வலை. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சொன்னால் கேடயத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். மீன் வியாபாரி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான்.

சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. இன்றைக்கு.

ஆட்கள் வலையைத் தூக்கக் குனிந்தார்கள்.

அவள் போய் அதன்மேல் உட்கார்ந்தாள். பட்டுப்புடவையோடு.

போட்டோக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

தையல்நாயகி வரப்பேறி விறுவிறுவென்று வந்தாள்.

"ஏன்க்கா, எங் கொளத்துல போட்டோ எடுத்தா ஒனக்கு வயிறு எரியுதா?"

அவள் தன் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்நாயகியும் பார்த்தாள். பொரியை. பொரிக்கு நடுவே திறந்து மூடும் வாய்களை. சொட்டும் வலையை.

பிறகு தன் குளத்தை.

பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. வலையின் ஈரம் பட்டில் ஏறியது.

"தள்ளி உக்காருக்கா."