மார்ச் நாலாம் தேதி வந்தவர்

திருவாரூரில் ஒரு டிராவல்ஸுக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம், துபாயிலிருந்து ஊர் வருகிறவர்களின் தேதியைச் சீட்டாக அச்சடித்துத் தரும். வீட்டார் அதைப் பார்த்துத்தான் ஏர்போர்ட்டுக்கு வேன் பேசுவார்கள்.

1998 ஏப்ரல் இரண்டாம் தேதி, அச்சடித்த சீட்டுகளைப் பழைய டிக்கெட் நகல்களோடு ஒப்பிட்டபோது பிழை தெரிந்தது. புரோகிராம் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றியிருந்தது. துபாயில் வேலை செய்யும் சித்தீக்கின் டிக்கெட்டில் ஏப்ரல் 3. சீட்டில் மார்ச் 4.

ஆனால் அவர் மனைவி நஜ்மா மார்ச் நாலாம் தேதியே வேனில் போய் அவரை அழைத்து வந்துவிட்டார். "சொன்ன தேதிக்கு வந்துட்டாங்க" என்று எனக்குப் பேரீச்சம்பழம்கூடக் கொடுத்தார்.

ஒன்றும் விளங்காமல் புரோகிராமில் அந்தப் பிழையைத் திருத்தினேன்.

மறுநாள் காலை, துபாய் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்ய சித்தீக் டிராவல்ஸுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது.

"சித்தீக் பேசுறேங்க. ஏர்போர்ட்ல எறங்கி ஒரு மணி நேரமாச்சு. நஜ்மா இன்னும் வரலையே, வீட்டுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுங்க."

அதே குரல். நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன். போனில் யாரென்று எதிரே இருந்தவர் கேட்கவில்லை.

"இன்னைக்கு வேன் இல்லேன்னு சொல்லிடுங்க" என்றார்.