கடைசிப் பத்து நிமிடம்

"அண்ணை, இண்டைக்காவது முடிவைப் பாக்க விடுவியளோ?"

ஜெர்மனியில், ஆஹென் நகரத் தியேட்டர் வாசலிலேயே றெக்ஸ் தொடங்கிவிட்டான். விமலநாதன் அண்ணை வழக்கம்போலச் சிரித்து மழுப்பினார்.

பழைய கதைதான். அகதிகளாக வந்த புதிதில் நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். வேலையும் ஒரே சலவைத் தொழிற்சாலையில். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் டிவியில் காட்டிய ஜப்பான் படமொன்றை அன்று லீவில் நின்ற அண்ணை வீடியோவில் பதிந்து வைத்திருந்தார். முதலாளியை எதிர்த்து எழும்பும் சுரங்கத் தொழிலாளர்களின் கதை.

ஞாயிற்றுக்கிழமை பாணும் கோழிக்கறியுமாகச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அப்படி ஒரு சந்தோஷம் பிறகு எந்தப் பெரிய வீட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதும் நாங்கள் விசிலடித்தோம். பார்த்தால், திரையில் உதைபந்தாட்டம்!

"கை தவறி மேல பதிஞ்சு போட்டன்ரா" என்றார் அண்ணை. "அவங்கள் வெண்டிருப்பாங்கள், விடுங்கோ."

அடுத்த நாள் அதே சூட்டோடு நாங்களும் மெஷின்களை நிறுத்தினோம். நீராவியில் கை வெந்த றெக்ஸை முந்தின கிழமைதான் முதலாளி வேலையை விட்டு அனுப்பியிருந்தார். மத்தியானத்துக்குள் அவனைத் திரும்ப எடுத்துவிட்டார்கள்.

வேலை திரும்பக் கிடைத்த பிறகும் றெக்ஸ் அண்ணையை விடவில்லை. கல்யாண வீடோ செத்த வீடோ, "படத்தை அழிச்சுப் பந்தடிச்சவர் வாறார்" என்பான். இத்தனைக்கும் அண்ணை ஒரு மேட்ச் பார்த்து நான் கண்டதில்லை.

இன்று அதே படம். நாங்கள் மூவரும் முடிவுவரை இருந்தோம்.

தொழிலாளர்கள் வெல்லவில்லை. ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு சுரங்கத்துக்குள் திரும்பிப் போனார்கள். முன்னுக்கு நின்றவன் மட்டும் வெளியே தனியாக நின்றான்.

லைட் போட்டார்கள். றெக்ஸுக்கு முகமே செத்துப்போனது.

"என்னண்ணை இது? எல்லாரும் அவனை விட்டிட்டுப் போட்டாங்களே!"

"ஓமடா."

"உங்களுக்கு இந்த முடிவு முதலே தெரியுமோ?"

அண்ணை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே எழும்பினார்.

"தெரிஞ்சபடியாத்தான் அழிச்சனான். இதைப் பாத்திட்டு, விடிய உனக்காக மெஷினை நிப்பாட்ட ஆரடா வந்திருப்பான்?"