நாற்பத்தாறு கிலோ

கேன்டீன் வேலை முடிந்ததும் கெம்பம்மா நேராக ஜிம்முக்கு வந்துவிடுவாள். வயது நாற்பத்தெட்டு. ஓசூரில் அந்த ஜிம்மை நடத்தும் ஹரீஷ்குமாருக்கு அவளைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

"ட்ரெட்மில்லுல நடங்கக்கா. உடம்பு தானா இளைக்கும்."

"இளைக்கறதுக்கு வரலப்பா. நான் வெயிட்டு தூக்கணும்."

பத்துக் கிலோவில் தொடங்கினாள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கப் பழகினாள். ஆறாவது மாதம் நாற்பத்தாறு கிலோவைத் தூக்கி நிறுத்தி, சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள்.

ஹரீஷ்குமார் கைதட்டினான். "சூப்பர்க்கா! போட்டிக்குப் பேர் குடுத்துரட்டுமா?"

"வேணாம்ப்பா, இது போதும். எம்பொண்ணு வினோதா எடை இதான்."

"பொண்ணையா தூக்கப் போறீங்க?" என்று சிரித்தான்.

"ஆமாப்பா. பொறந்ததுல இருந்தே அவளுக்குக் கால் வராது. அவங்கப்பாதான் தூக்கிக் குளிக்க வைப்பாரு. போன ஆடியில அவரு போயிட்டாரு. அப்புறம் ஒருநாள் நான் தூக்குனப்ப அவளக் கீழ போட்டுட்டேன். 'வலிக்கலம்மா'ன்னா. மறுநாளே இங்க வந்துட்டேன்."

ஹரீஷ்குமாரின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அவளுக்குப் பத்தொம்பது வயசுப்பா. எனக்கு எழுபது ஆனாலும் நான்தான் தூக்கணும். அதுக்கு என்ன பண்ணணும், சொல்லு."

அவன் இன்னும் இரண்டு எடைத் தட்டுகளை எடுத்து வந்தான்.

"எழுபதுல நாப்பத்தாறு தூக்கணும்னா, இப்ப அறுபது தூக்கிப் பழகணும்க்கா."

கெம்பம்மா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சரி, போடு."