நாத்தனாரின் டிவி

காதல் புட்டுக்கிச்சாம். அதுக்கு இருபது நாள் லீவு, சாத்தின கதவு, ஓயாத டிவி. எங்க நாத்தனாரம்மா தனக்குத் தானே பாத்துக்கிற வைத்தியம் இதுதான்.

நானும் என் மாமியாரும் ஹால்ல உக்காந்து நிம்மதியா ரெண்டு வார்த்தை பேச முடியலை. அவ ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல வெறும் பலகைத் தடுப்பு. சீரியல்ல எவளாவது அழுதா எங்க டம்ளர் அதிருது.

"மூணு வருஷம் பழகினவன், ஒரே மெசேஜ்ல முடிச்சுட்டுப் போயிட்டான். இவ என்ன பண்ணித் தொலைச்சாளோ!" இது மாமியார். பெத்த தாய்தான்.

"பின்னே சும்மாவா போவான் அத்தை? இவ வாய்த் துடுக்கு கொஞ்சமா நஞ்சமா?"

"கண்ணாடிக் கடையில ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றா. இவ கண்ணுக்கு அவன் லட்சணம் தெரியலை பாரு."

"இனிமே எவன் கட்டுவான்? கடைசி வரைக்கும் நம்ம தலையிலதான்."

சொல்லி வாயை மூடலை, உள்ளே சத்தம் ரெண்டு மடங்கா ஏறிச்சு.

"திமிரைப் பாத்தீங்களா அத்தை?"

மாமியாருக்குப் பொறுக்கலை. "போ, அந்த டிவியைக் கழட்டி எடுத்துட்டு வா. அப்பத்தான் புத்தி வரும்."

இதுக்குத்தானே காத்திருந்தேன்! ஸ்க்ரூ டிரைவரோட போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தா. அழுது வடிஞ்சுக்கிட்டு இருப்பான்னு நினைச்சேன். குளிச்சு, தலை வாரி, வேலைக்குப் போட்டுக்கிற சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா. என் கையைப் பாத்ததும் முகம் சுருங்கிப் போச்சு.

"எடுத்துடாதீங்க அண்ணி. இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்கேன். திங்கக்கிழமை வேலைக்குப் போயிடுவேன். அதுவரைக்கும் இருக்கட்டும், ப்ளீஸ்."

இந்த வீட்டுல அவ கெஞ்சி நான் பாத்ததே இல்லை.

"அப்படி என்னதாண்டி பாக்குறே இதுல?"

கேட்டுக்கிட்டே டிவி பக்கம் திரும்பினேன். திரை கன்னங்கரேல்னு இருந்துச்சு. உள்ளே எவளோ ஓன்னு அழுதுக்கிட்டு இருக்கா. ஆளைத்தான் காணோம்.

"என்னடி இது?"

"படம் போய் ரெண்டு வாரம் ஆச்சு அண்ணி. சத்தம் மட்டும்தான் வரும்."

"லூசா நீ? படமே வராத டிவியை எதுக்குடி இப்படி அலற விடறே?"

அவ ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மொத்தமா நிறுத்தினா.

ஹால்லேர்ந்து மாமியார் குரல், பக்கத்துல நின்னு பேசற மாதிரி வந்துச்சு. "இன்னுமா கழட்டறே? பெத்தவ நானே சொல்றேன், இவளை அவன் விட்டுட்டுப் போனதுல தப்பே இல்லை!"

"இதுக்குத்தான் அண்ணி"ன்னா. "உங்க குரல் இதை விடக் கணீர்னு கேக்கும்."