மானிட்டருக்கு வந்த வயிற்றெரிச்சல்

ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய மானிட்டர் மேசைமேலும், அதைவிடப் பழைய சிபியு பெட்டி மேசைக்கடியிலும் குடித்தனம் நடத்தி வந்தன.

ஒருநாள் காலை பெட்டி எழுந்திருக்கவில்லை. மானிட்டர் உள்ளதை உள்ளபடி, "சிக்னல் இல்லை" என்று காட்டியது. கடைக்காரி செண்பகவல்லி அதன் கன்னத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பெட்டியையோ மெல்லத் திறந்து, தூசியை ஊதி, உள்ளிருந்த ரேம் அட்டையைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் இதமாகத் தேய்த்துப் பொருத்தினாள். பெட்டி கண் விழித்தது.

மானிட்டருக்குத் தாங்கவில்லை. "வேலை செய்யாத உன்னைத் தடவிக் கொடுக்கிறா. உண்மையைச் சொன்ன என்னை அடிக்கிறா."

"ரப்பர் பட்டா ஒரே கூச்சம் தம்பி," என்று நெளிந்தது பெட்டி.

அது எரிகிற வயிற்றில் எண்ணெய் வார்த்தது. மறுநாள் பெட்டி ஒழுங்காக எழுந்தும், மானிட்டர் வேண்டுமென்றே முகத்தை இருட்டிக்கொண்டு ரப்பருக்காகக் காத்திருந்தது.

செண்பகவல்லி கறுத்த திரையைப் பார்த்தாள். "நேத்து சரியாத் தேய்க்கல போல," என்று முனகியபடி குனிந்து, மறுபடியும் பெட்டியைத் திறந்தாள்.

கீழே ரப்பர் தேய்கிற சத்தம் கேட்டது. மானிட்டர் இருண்டே கிடந்தது. இப்போது அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.